காதுக்கு மட்டும் எழுதிய வரி

சங்கத்து அறையில் காலை பத்து மணிக்கே வெக்கை ஏறிவிட்டது. ஜன்னலைத் திறந்தால் தெருச் சத்தம், மூடினால் மூச்சு முட்டல். கணினி பேசுவது காதில் விழ வேண்டும் என்பதால் செயலாளர் மூடியே வைக்கச் சொல்லிவிட்டார். அவருக்கும் பார்வை கிடையாது. தோப்ரியானா நகரத்துப் பார்வையற்றோர் சங்கத்தை இருபது வருடமாக அவர்தான் நடத்துகிறார்.

விஷ்னியா சுவரோரம் நாற்காலியைப் போட்டு, மடியில் நோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உள்ளூர அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. நீஷ் நகரத்தில் ஐந்து பேர் மட்டும் வேலை பார்க்கும் அவர்கள் கம்பெனி, நகராட்சிகளுக்கான மென்பொருள் ஒன்றைச் செய்து விற்கிறது. பிறப்புச் சான்றிதழ், உதவித்தொகை, தண்ணீர் இணைப்புப் பெயர் மாற்றம் என்று எல்லா விண்ணப்பங்களையும் வீட்டிலிருந்தே அனுப்பலாம். அதன் பக்கங்களுக்கெல்லாம் அடிப்படை அச்சான டெம்ப்ளேட்டை எழுதியது விஷ்னியா. வாங்க வரும் ஊர்க்காரர்களிடம் அவள் சொல்வது எப்போதும் ஒன்றுதான்: "எலும்பு என்னோடது, சட்டை உங்களோடது." நிறம், எழுத்து, முத்திரை எல்லாவற்றையும் ஒரே ஒரு கோப்பில் மாற்றி அந்தந்த ஊர் தன் இஷ்டப்படி உடுத்திக்கொள்ளலாம், உள்ளே இருக்கும் எலும்பு கலையாது. நாற்பத்து மூன்று ஊர்கள் அப்படி உடுத்திக்கொண்டிருந்தன.

பார்வையில்லாதவர்களும் தட்டுத்தடுமாறாமல் விண்ணப்பத்தை நிரப்ப வேண்டும் என்பதில் அவள் தொடக்கத்திலிருந்தே பிடிவாதமாக இருந்தாள். ஒவ்வொரு பெட்டிக்கும் பெயர் வைத்தாள். சுட்டி இல்லாமல், விசைகளை மட்டும் தட்டி முழுப் பக்கத்தையும் கடக்கும்படி செய்தாள். திரையில் தெரியாத, திரையைப் படித்துச் சொல்லும் மென்பொருளுக்கு மட்டும் கேட்கிற வரிகளை அங்கங்கே வைத்தாள். பெட்டி காலியாக இருந்தால் கண் உள்ளவருக்குச் சிவப்புக் கோடு தெரியும். கண் இல்லாதவருக்கு அந்த வரி கேட்கும்.

இந்த வருடம், பார்வையற்றவர்களை உட்கார வைத்துச் சோதித்த சான்று இருந்தால்தான் புது ஒப்பந்தம் என்று அரசாங்க மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். அதற்காகத்தான் கம்பெனியின் பங்குதாரன் ஒக்னியெனும் அவளும் ஒரு மணி நேரம் காரோட்டி இங்கே வந்திருந்தார்கள். ஒக்னியென் மூலையில் நின்று எல்லாவற்றையும் போனில் பதிவு செய்துகொண்டிருந்தான்.

கணினி முன்னால் உட்கார்ந்திருந்தவள் தெசங்கா. வயது ஐம்பதை ஒட்டி இருக்கும். ஊர் ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டர். அவள் விரல்கள் விசைப்பலகையில் ஓடிய வேகத்தைப் பார்த்து விஷ்னியா குறிப்பெடுப்பதையே விட்டுவிட்டாள். கணினி படிக்கும் குரலோ கடுகு வெடிப்பது போலப் படபடவென்று கொட்டிக்கொண்டிருந்தது. ஒரு வார்த்தைகூட விஷ்னியாவுக்குப் பிடிபடவில்லை.

"அக்கா, ஏதாவது ஒரு பெட்டியை வேணும்னே காலியா விட்டுட்டு அனுப்பிப் பாருங்களேன்," என்றாள் விஷ்னியா. "அது உங்களுக்கு எப்படிச் சொல்லுதுன்னு பார்க்கணும்."

"வேணாம்மா. அது என்ன சொல்லும்னு எனக்குத் தெரியும்."

"பரவால்ல, ஒரே ஒரு தடவை."

"உங்க இஷ்டம். அப்புறம் என்னைச் சொல்லக்கூடாது."

தெசங்கா விசையைத் தட்டினாள். குரல் ஏதோ படபடத்தது. செயலாளர் மூக்கால் சிரித்தார்.

"கொஞ்சம் மெதுவா வைக்க முடியுமாக்கா? எங்களுக்குப் புரியலை."

தெசங்கா வேகத்தைக் குறைத்து மறுபடி தட்டினாள். உணர்ச்சியே இல்லாத அந்த ஆண் குரல் ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்தது.

"கண்ணு அவிஞ்சா போச்சு. இங்கதான் இருக்கு பாரு, எருமை. பிறந்த தேதி. கட்டாயம் நிரப்ப வேண்டியது."

அந்த வரியை விஷ்னியாவுக்குத் தெரியும். வார்த்தைக்கு வார்த்தை, அந்த எருமை வரைக்கும், அது அவள் எழுதியது.

"நாலு வருஷமா இதேதான்," என்றாள் தெசங்கா, வானிலை சொல்வது போல. "மொத தடவை கேட்டப்ப யாரோ பின்னாடி நின்னு சொல்றாங்கன்னு திரும்பிக்கூடப் பார்த்தேன், பார்த்து என்ன ஆகப்போகுது. இப்ப பழகிடுச்சு. தேதியை விட்டா எருமை, விலாசத்தை விட்டா எருமை. அதனால நான் ஒரு பெட்டியையும் விடறதில்லை."

"எங்க சங்கத்துல இதுக்கு 'பெர்சிதா மந்திரம்'னு பேரு," என்றார் செயலாளர்.

"யாரு பெர்சிதா?" ஒக்னியெனின் குரல் கம்மியிருந்தது.

"நகராட்சியில மூணாம் நம்பர் ஜன்னல்ல இருந்தவ. பக்கத்துக்குப் பொறுப்பாளர்னு அடியில அவ பேருதான் வரும். திட்டு முடிஞ்சு நாலு வரி தள்ளி அவ பேரு. வேற யாரு எழுதியிருப்பா? எட்டுப் பேர் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்தோம்ல."

விஷ்னியா பேச வாயெடுத்தாள். ஒக்னியென் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பதிவை நிறுத்தினான்.

"ஏதோ கோளாறு மாதிரி இருக்கு," என்றான். "நாங்க பார்த்துட்டுச் சொல்றோம்."

கார் ஊரின் கடைசிப் பெட்ரோல் பங்கைத் தாண்டியதும் ஒக்னியென் கேட்டான்.

"அது நீ எனக்கு எழுதினதுதானே?"

"ஆமா."

"மாத்திட்டேன்னு சொன்னியே."

"மாத்தினேன்டா. என் கையாலதான் மாத்தினேன்."

நடந்தது அவ்வளவு சின்ன விஷயம். நான்கு வருடத்துக்கு முன்னால், மென்பொருள் முதல்முறை வெளியே போவதற்கு முந்தின வாரம். சரிபார்த்துக்கொண்டிருந்த ஒக்னியென், காதுக்கான வரியைத் திரையில் தேடிக்கொண்டே இருந்தான். "நீ சொன்ன வரியைக் காணோமே" என்று மூன்று முறை அவளிடம் வந்து நின்றான். திரையில் தெரியாது, கோப்புக்குள்ளே பார் என்று இரண்டு முறை சொன்னாள். மூன்றாவது முறை சொல்லவில்லை, கோப்பிலேயே எழுதிவிட்டாள். அதைப் படித்து அவனுக்குக் காபி புரையேறியது. ஆபீஸ் முழுக்கச் சிரித்தது. மறுநாள் அந்த இடத்தில் "தயவுசெய்து இந்தப் பெட்டியை நிரப்புங்கள்" என்று மாற்றினாள். அத்தோடு மறந்தும் போனாள்.

ஆபீசுக்கு வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் கோப்பைத் திறந்தாள். "தயவுசெய்து" என்றே இருந்தது. ஒரு நொடி, சங்கத்துக் கணினியில்தான் ஏதோ கோளாறு என்று நம்பிப் பார்த்தாள். பிறகு அவளுக்கு உறைத்தது. அவர்கள் மொழிக்கு இரண்டு எழுத்து. வீட்டிலும் கடையிலும் லத்தீன் எழுத்து, அரசாங்கக் காகிதத்தில் சிரிலிக். அதனால் ஒவ்வொரு வரியும் இரண்டு கோப்புகளில் இருந்தது. லத்தீனில் எழுதியதை மொத்தமாகச் சிரிலிக்குக்கு மாற்றியது, அவள் அந்தக் கேலியை எழுதிய அன்று சாயங்காலம். மறுநாள் அவள் திருத்தியது லத்தீன் கோப்பை மட்டும்.

சிரிலிக் கோப்பைத் திறந்தாள். இருந்தது. நான்கு வருடமாக ஒரு புள்ளிகூட மாறாமல் இருந்தது.

"ஒக்னியென், மனு கொடுத்தோம்னு சொன்னாங்களே. அது நமக்கு வந்துதா?"

"எனக்கு நினைவில்லை."

அவளுக்கும் இல்லை. பழைய மின்னஞ்சல்களில் தோப்ரியானா என்று தேடினாள். மூன்று வருடத்துக்கு முந்தைய ஒன்று மேலே வந்தது. 'பார்வையற்ற எட்டுப் பேர், பக்கம் தங்களைக் கேவலமாகத் திட்டுவதாக எழுதிக் கொடுத்துள்ளனர். எங்கள் ஊழியர்கள் பார்த்ததில் அப்படி எதுவும் தெரியவில்லை. சரிபார்க்கவும்.' திட்டு என்னவென்று அதிலேயே எழுதியிருந்தது. அதன் கீழே பதினோரு நிமிடத்தில் போன பதில்: 'எல்லாக் கோப்புகளிலும் தேடினோம். அப்படி ஒரு வரி எங்கும் இல்லை. காதில் தவறாக விழுந்திருக்கலாம்.' அடியில் விஷ்னியாவின் பெயர். பெயருக்குப் பக்கத்தில் ஒரு சிரிப்பு முகம்.

அவள் லத்தீன் எழுத்தில் தேடியிருக்கிறாள். லத்தீன் எழுத்தில் அந்த வரி இல்லைதான். தான் எழுதிய கேலியைத் தன்னிடமே கொண்டுவந்து காட்டியும் அடையாளம் தெரியாமல், பதினோரு நிமிடத்தில் முடித்து அனுப்பிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போயிருக்கிறாள். நாள் முழுக்கக் காதை நம்பிப் பிழைக்கிற ஒருத்தியைப் பார்த்து, காதில் தவறாக விழுந்திருக்கலாம் என்று சொல்லியிருக்கிறாள்.

எழுந்துபோய்க் கழிப்பறையில் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றாள். அழுகை வரவில்லை.

திருத்த நான்கு நிமிடம் ஆயிற்று. ஆனால் திருத்தம் முப்பத்தோரு ஊர்களுக்குத்தான் போனது. மற்ற பன்னிரண்டு ஊர்களும் டெம்ப்ளேட்டைத் தனியாக நகலெடுத்துத் தங்களுக்கு ஏற்றபடி வெட்டி ஒட்டி வைத்திருந்தன. யார் வேண்டுமானாலும் எளிதாக மாற்றிக்கொள்ளலாம் என்று அவள்தானே ஊர் ஊராகச் சொன்னாள். ஒவ்வொரு ஊராகப் போன் போட்டாள்.

"நான் பார்த்துக்கிட்டுதான் இருக்கேன். பக்கத்துல அப்படி ஒண்ணும் இல்லைங்களே," என்றார் ஒருவர்.

"பார்த்தா தெரியாதுங்க. கேக்கணும்."

"எங்க ஊர்ல யாரும் புகார் சொல்லலையே."

"சொல்லியிருப்பாங்க. நம்ம யாரும் நம்பியிருக்க மாட்டோம்."

வடக்கே ஹங்கேரி மொழிக்காரர்கள் நிறைந்த ஓர் ஊரிலிருந்து வந்த பதில் அவளை வேறு விதமாகத் தூக்கிப்போட்டது. அங்கே மொழிபெயர்த்த பெண்மணியிடம் எல்லா வரிகளையும் பட்டியலாகக் கொடுத்திருக்கிறார்கள். "எங்க மொழியில நான் அப்படியே போடலைங்க," என்றாள் அவள், தயங்கித் தயங்கி. "ஏதோ தெக்கத்திப் பேச்சு போலன்னு நினைச்சேன். 'பார்வை குறைந்த அன்பரே, தாங்கள் தேடுவது இங்கே உள்ளது'ன்னு போட்டேன். தப்பா?" அந்த ஊரில் நன்றி சொல்லி இரண்டு கடிதங்கள் வந்திருக்கின்றனவாம். விஷ்னியா போனை வைத்துவிட்டு மேஜைமேல் தலையைக் கவிழ்த்தாள். முகம் தெரியாத ஒருத்தி, கூலிக்கு மொழிபெயர்த்தவள், ஒரு வரியைப் படித்து இதை யார் கேட்கப்போகிறார்கள் என்று யோசித்திருக்கிறாள்.

சாயங்காலம் ஒக்னியென் ஒரு கடிதம் தயாரித்துக்கொண்டு வந்தான். நாற்பத்து மூன்று ஊர்களுக்கும் ஒரே கடிதம். 'தொழில்நுட்பக் கோளாறு சரிசெய்யப்பட்டது.'

"இது கோளாறு இல்லடா. நான் எழுதினது."

"தெரியும். ஆனா அதை எழுத்துல கொடுத்தா நம்ம கதை முடிஞ்சுது. அஞ்சு பேர் சோறு இதுல இருக்கு, விஷ்னியா."

"அங்க அந்தத் திட்டுக்குக் கீழ ஒருத்தி பேரு இருக்கு."

"அவளுக்கு என்ன ஆச்சுன்னு உனக்குத் தெரியுமா?"

தெரியாது. அதுதான் அவளை உலுக்கியது. மூன்றாம் ஜன்னலில் 'இருந்தவ' என்றுதான் செயலாளர் சொன்னார்.

மறுநாள் காலை தனியாகப் பஸ் ஏறித் தோப்ரியானா ஆஸ்பத்திரிக்குப் போனாள். கீழ்த்தளத்தில் மருந்து வாடை அடிக்கும் நடைபாதைக் கடைசியில் தெசங்காவின் அறை. காதில் ஹெட்போன், முன்னால் விசைகள், பக்கத்தில் பேப்பரில் சுற்றிய பூரேக் பலகாரம், பாதி கடித்தது.

"தெசங்காக்கா, நான் விஷ்னியா. நேத்து வந்தேனே."

"குரல் தெரியுது, உக்காரு. கோளாறு கிடைச்சுதா?"

"கிடைச்சுது. கோளாறு நான்தான்."

எல்லாவற்றையும் சொன்னாள். ஒக்னியென், காபி, இரண்டு எழுத்து, பதினோரு நிமிடம், சிரிப்பு முகம் எதையும் விடவில்லை. நடுவில் மூன்று முறை மணி அடித்தது. தெசங்கா எலும்புப் பிரிவுக்கும் பிரசவப் பிரிவுக்கும் இணைப்புக் கொடுத்துவிட்டு, "சொல்லு" என்றாள். திட்டுவாள், வெளியே போகச் சொல்வாள் என்று எதிர்பார்த்தே விஷ்னியா வந்திருந்தாள். தெசங்காவின் முகமோ கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்துக்கொண்டே வந்தது.

"அப்ப பெர்சிதா எழுதலையா?"

"இல்லக்கா. அவங்களால அதைத் தொடக்கூட முடியாது."

தெசங்கா ஹெட்போனைக் கழற்றிக் கீழே வைத்தாள்.

"மனுவை எழுதினது நான். எட்டுப் பேரையும் கையெழுத்துப் போட வெச்சதும் நான். உங்ககிட்டேருந்து அப்படி வரியே இல்லைன்னு பதில் வந்ததும் என்ன நினைச்சோம் தெரியுமா? அவதான் புகார் வந்ததும் எடுத்துட்டு, திரும்பப் போட்டுட்டான்னு நினைச்சோம். அவளை ஜன்னல்லேருந்து எடுத்துப் பழைய காகிதக் கிடங்குல போட்டாங்க. மாடிப்படிக்குக் கீழ, வெளிச்சமே கிடையாதாம். நல்லா வேணும்னு சொன்னேன். ரொட்டிக் கடையில எனக்கு வணக்கம் சொன்னா. எருமைக்கு எதுக்கும்மா வணக்கம்னு கேட்டேன், கடை நிறைய ஆள் இருக்கறப்ப."

மணி அடித்துக்கொண்டே இருந்தது. தெசங்கா எடுக்கவில்லை.

"அப்ப அவ என்ன சொன்னா தெரியுமா? 'நீ எதைச் சொல்றேன்னே எனக்குப் புரியலை தெசங்கா'ன்னா. நடிக்கிறான்னு நினைச்சேன்." அவள் கை பூரேக் பொட்டலத்தின் மேல் பட்டு, பேப்பரைக் கசக்கிப் பிடித்தது. "மூணு வருஷம்."

அப்புறம் அவளே விசைகளைத் தட்டினாள். ஊரில் எந்த எண்ணும் அவளுக்கு மனப்பாடம். ஒலிபெருக்கியைப் போட்டாள்.

"கிடங்கு," என்றது ஒரு பெண் குரல்.

"பெர்சிதா, நான் தெசங்கா பேசறேன்."

அவள் போனை வைக்கவில்லை.

"அது நீ எழுதலைன்னு இப்பத்தான் தெரிஞ்சுது. எழுதினவ என் பக்கத்துல உக்காந்திருக்கா."

பெர்சிதா சொன்னாள், மெதுவாக: "என் புருஷனே கேட்டாரு தெசங்கா. 'உண்மையைச் சொல்லு, நீதான் எழுதினியா'ன்னு. சாகற வரைக்கும் அவர் நம்பினாரா இல்லையான்னு எனக்குத் தெரியாது."

விஷ்னியா ஒலிபெருக்கிப் பக்கம் குனிந்தாள். "அம்மா, என் பேரு விஷ்னியா. நான் எழுத்துல கொடுக்கறேன். எங்க கம்பெனி முத்திரை வெச்சு..."

"முத்திரையோட கொடு," என்றாள் பெர்சிதா. "நேர்ல கொண்டு வா. மூணாம் நம்பர் ஜன்னலுக்கு."

"அறிவிப்புப் பலகையில ஒட்டவும் சொல்றேன்மா."

"ஒட்டினா நான் எப்படிம்மா படிக்கிறது?" என்று குறுக்கிட்டாள் தெசங்கா. "வாய்விட்டுச் சொல்லு. எல்லார் காதுலயும் விழணும்."

திங்கட்கிழமை காலை கடிதத்தோடு அவள் கிளம்பியபோது ஒக்னியென் முத்திரையைக் கொடுக்க மாட்டேன் என்று கையில் பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு கொடுத்தான். அப்புறம் இரண்டு வாரம் அவளோடு பேசவில்லை. நான்கு ஊர்கள் ஒப்பந்தத்தை ரத்து செய்தன. புது ஒப்பந்தமும் கிடைக்கவில்லை. ஆனால் அதெல்லாம் பின்னால் நடந்தது.

நகராட்சிக் கூடத்தில் அன்று கூட்டம் முப்பது பேருக்குக் குறையாது. சங்கத்திலிருந்து ஆறு பேர் கோல்களோடு வந்து சுவரோரம் வரிசையாக நின்றார்கள். பெர்சிதா கிடங்கிலிருந்து ஏறி வந்தாள்: சின்ன உருவம், சாம்பல் நிற ஸ்வெட்டர், வெளியே முப்பத்தைந்து டிகிரி வெயில். கீழே அவ்வளவு குளிர் போலிருக்கிறது. அவள் விஷ்னியாவை மேலும் கீழும் பார்த்தாள். கையைக் கட்டிக்கொண்டு மூன்றாம் ஜன்னல் பக்கத்தில் நின்றாள்.

விஷ்னியா படித்தாள். தன் பெயர், தன் வேலை, தேதி. பிறகு அந்த வரி. அதை விட்டுவிடலாம் என்றுதான் கடைசிவரை நினைத்திருந்தாள். விட்டால் எதற்காக வந்தோம் என்று ஆகிவிடும். 'கண்ணு அவிஞ்சா போச்சு' என்று, சுவரோரம் நிற்கும் அந்த ஆறு பேர் முன்னால், தன் சொந்த வாயால், சத்தமாகப் படித்தாள். காத்திருந்த கூட்டத்தில் யாரோ ஒருவர் சிரிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினார். ஜன்னல்களுக்குப் பின்னால் தட்டச்சுச் சத்தம் நின்றுபோயிற்று. இரண்டாம் ஜன்னல் பெண் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். அவளும் இத்தனை நாள் நம்பியவள்தான் என்பது பார்த்தாலே தெரிந்தது. 'இதில் திருமதி பெர்சிதாவுக்கு எந்தத் தொடர்பும் இல்லை' என்ற கடைசி வரியைப் படிக்கும்போது விஷ்னியாவின் குரல் உடைந்தது. மறுபடி முதலிலிருந்து அந்த வரியைப் படித்தாள்.

பெர்சிதா கையை நீட்டிக் கடிதத்தை வாங்கினாள். மூக்குக்கண்ணாடியைப் போட்டு முத்திரையைப் பார்த்தாள். நான்காக மடித்து ஸ்வெட்டர் பையில் வைத்தாள்.

"என்னைத் திரும்ப ஜன்னல்ல உக்காரச் சொல்வாங்க," என்றாள். "நான் வரமாட்டேன். என்னால இனிமே ஜனங்க முகத்தைப் பார்க்க முடியாது."

அவ்வளவுதான் சொன்னாள். கிடங்குக்குப் போகும் படிக்கட்டில் இறங்கினாள். நான்காவது படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, அப்படியே உட்கார்ந்துவிட்டாள். யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. விஷ்னியா ஓர் அடி எடுத்து வைத்தாள்; அதற்குள் தெசங்கா கோலைத் தட்டிக்கொண்டே படியைக் கண்டுபிடித்து, ஒவ்வொன்றாக எண்ணி இறங்கி, மூச்சுச் சத்தம் கேட்ட இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"தள்ளி உக்காரு," என்றாள் பெர்சிதா. "எனக்கு இன்னும் கோவம் போகலை."

தெசங்கா ஒரு சாண் தள்ளி உட்கார்ந்தாள்.